பெயர் கேட்காமல் எடுத்த படம்

நண்பர்களே, திரையில் இருக்கும் இந்தத் தாயை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மடியில் கைக்குழந்தை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் சாய்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் நம் ஊரில் ‘கப்பல் கவிழ்ந்துபோச்சா?’ என்று கேட்போம். இந்தப் படத்தைப் பார்த்த அமெரிக்காவும் அப்படித்தான் நினைத்தது.

1936 மார்ச். கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில் பட்டாணி பறிப்பவர்களின் முகாம். பனியிலும் மழையிலும் பயிர் அழிந்து, கூலியில்லாமல் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அரசாங்கத்துக்காகப் புகைப்படமெடுத்த டோரத்தியா லேங், முகாமின் பலகையைக் கடந்து 20 மைல் போன பிறகு, மனம் கேட்காமல் காரைத் திருப்பினார். முகாமில் இந்தத் தாயைப் படமெடுத்தார், வயது 32 என்று தெரிந்துகொண்டார். பெயர் கேட்கவில்லை, இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

படங்கள் நாளிதழில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு (சுமார் 9,000 கிலோ) உணவு போனது. அதற்குள் இந்தக் குடும்பம் கிளம்பிவிட்டது.

சரி, யார் இவர்? 40 வருடங்களுக்கு மேல் உலகத்துக்குத் தெரியாது. 1978-இல்தான் தெரியவந்தது: ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடிப் பெண். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லேங் எழுதியிருந்தார். பிள்ளைகள் அதை மறுத்தார்கள். இருந்த டயர்களெல்லாம் வண்டியில்தான் இருந்தன, அதே டயர்களில்தான் அங்கிருந்து போனோம் என்றார்கள். வழியில் கார் பழுதாகி நின்றதால்தான் அந்த முகாமில் தங்கியிருக்கிறார்கள். ரிப்பேர் ஆனதும் அடுத்த வேலை தேடிப் புறப்பட்டுவிட்டார்கள்.

எனக்கு இந்த இடம்தான் மனதை உறுத்துகிறது. விடியுமுன் பருத்திக்காட்டில் இறங்கி, கண் தெரியாமல் இருட்டும்வரை உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண் அவர். படமோ அவரை என்றென்றைக்கும் அந்தக் கூடாரத்திலேயே உட்கார வைத்துவிட்டது. அரசாங்கப் படம் என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தனக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று அவர் கோபப்பட்டதில் என்ன தப்பு?

1983-இல் அவர் படுத்த படுக்கையானார். மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் உதவி கேட்டார்கள். 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. கூடவே சுமார் 2,000 கடிதங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். அதுவரை அந்தப் படம் எங்களுக்கு ஒரு சாபம் மாதிரி இருந்தது, கடிதங்கள் வந்த பிறகுதான் பெருமையாக உணர்ந்தோம் என்றார் அவருடைய மகன்.