தீயணைப்பு வேலைக்கு 45,000 ரூபா டிப்ளமோவா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

வணக்கம் அண்ணாச்சிமாரே, தம்பிமாரே. ஞாயித்துக்கெழம வார ஆளு இன்னைக்கு நடுவாரத்துல வந்து நிக்கேன்னா கோவந்தான் காரணம்னு உங்களுக்கே தெரியும். நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்ட பக்கம் ஒரு டிப்ளமோ கோர்ஸுக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருக்காவ. எரியுத கட்டடம், ஹெல்மெட் போட்ட பையன், கீழ கொட்ட எழுத்துல "ஆறே மாதத்தில் அரசு தீயணைப்பு வேலை, கட்டணம் 45,000 மட்டும்". அந்த 'மட்டும்'ங்கிற வார்த்தையப் பாத்ததும் எனக்கு வயிறு பத்திக்கிட்டு வந்துட்டு.

தமிழ்நாடு தீயணைப்புத் துறையில தீயணைப்பாளரா சேர எந்த டிப்ளமோவும் வேண்டாம். பத்தாங்கிளாஸ் பாஸ் போதும். ஆள் எடுக்கது சீருடைப் பணியாளர் தேர்வாணையம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூணுக்கும் ஒரே பரீச்சைதான். விண்ணப்பக் கட்டணம் 250 ரூபா. 45,000த்த 250ஆல வகுத்துப் பாருங்க, 180 வருது. ஒரு பய 180 தடவ அப்ளிகேஷன் போடலாம்! அம்புட்டுத் தடவ போட வயசு வரம்பு விடாது, அது வேற. பொதுப்பிரிவுக்கு 26, பிசி எம்பிசிக்கு 28, எஸ்சி எஸ்டிக்கு 31. ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ சுத்த வேஸ்ட்டுன்னு சொல்லல. கம்பெனி, வளைகுடா வேலைன்னு போறவங்களுக்கு அது ஒரு பாதை. அதக் காட்டி அரசு வேலைன்னு விக்காவ பாருங்க, அதான் அநியாயம்.

இடம் எத்தனன்னு கேப்பீங்க. 2023 அறிவிப்புல 674, 2025ல 631. இது ஆம்பளைகளுக்கு மட்டும். பொம்பளப் பிள்ளைங்க மாவட்டத் தீயணைப்பு அலுவலரா வரலாம், அதுக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதணும். 2003ல ப்ரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அப்படி உள்ள வந்தவங்கதான்.

இப்ப பரீச்சை. மொதல்ல தமிழ்த் தகுதித் தேர்வு, 80 கேள்வி. அதுல 40 சதவீதம், அதாவது 32 எடுக்கலைன்னா அடுத்த பேப்பரத் திருத்தவே மாட்டாவ. நம்ம ஊர்ப் பயலுக "தமிழ்தானே"ன்னு சிரிச்சிக்கிட்டே போயி மாட்டுறது இங்கதான். அடுத்த பேப்பர் 70 மார்க்: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல்னதும் பயப்படாதீங்க, பாதிக்கு மேல கணக்கும் புதிரும்தான்.

அப்புறம் மைதானம். உயரம் 170 சென்டிமீட்டர், எஸ்சி எஸ்டிக்கு 167. நெஞ்சு சாதாரணமா 81, மூச்ச இழுத்தா 86. இந்த அஞ்சு சென்டிமீட்டரப் பத்தித்தான் இன்னைக்கு நான் கத்தப்போறேன்! மாசக்கணக்கா ஓடியிருப்பான், டேப்ப வச்சதும் மூணரையில நிப்பான். ஏன்னா மூச்ச வயித்துக்கு இழுக்கான், இல்லன்னா தோளத் தூக்குதான். டேப்புக்குத் தோளு கணக்குல வராதுல்லா? விலா எலும்பு பக்கவாட்டுல விரியணும். கையி ரெண்டையும் விலாவுல வச்சி, கை வெலகுத மாதிரி இழுத்து, கொஞ்சநேரம் புடிச்சி விடுங்க. காலையில, சாயங்காலம் தினம் பண்ணுங்க. வீட்டுல ஆள வச்சி டேப்பு புடிச்சிப் பாருங்க. துணி தைக்க டேப்பு போதும், அதுக்கும் காசு கரைக்காதீங்க.

1500 மீட்டர ஏழு நிமிஷத்துல முடிக்கணும். இது தகுதிக்கு மட்டும், மார்க் கிடையாது. மார்க் இருக்கது இதுல: கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் இல்லன்னா உயரம் தாண்டுதல், 100 மீட்டர் இல்லன்னா 400 மீட்டர். மொத்தம் 24. மார்க்க ஸ்டார் கணக்குல போடுவாவ: கயிறு அஞ்சு மீட்டர் ஏறுனா ஒரு ஸ்டார், ஆறுக்கு ரெண்டு. நீளம் தாண்டுதல் 3.80 மீட்டருக்கு ஒண்ணு, 4.50க்கு ரெண்டு. அதே மாதிரி உயரம் தாண்டுதல் 1.20 மீட்டர், 1.40. நூறு மீட்டர் ஓட்டம் 15 செகண்ட், 13.5 செகண்ட். நானூறு 80 செகண்ட், 70. நூறுல 14.5ல நிக்கவன் அதையே கட்டிக்கிட்டு அழாம 400த்த ஒரு தடவ ஓடிப் பாக்கணும். கயிறுக்கு நைலான் வாங்காதீங்க, வழுக்கும், எறங்கையில உள்ளங்கையத் தோலுரிச்சிரும். தடியான தேங்கா நார்க் கயிறு வாங்குங்க.

அய்யோ, சம்பளம் சொல்ல மறந்துட்டேனே. 18,200ல ஆரம்பிச்சி 67,100 வரைக்கும் உள்ள விகிதம், படி தனி. தீபாவளிக்கு ஊரே வெடி போடும், நீங்க ஸ்டேஷன்ல இருப்பீங்க. அத இப்பவே வீட்டுல சொல்லி வச்சிருங்க.

வேலன்னா தீ மட்டும்னு நெனைக்காதீங்க. பாம்பு, கதண்டுக் கூடு, கெணத்துல விழுந்த மாடு, 2023 டிசம்பர் மாதிரி தாமிரபரணி பொங்குனா ரப்பர் படகு. வைக்கப்படப்பு எரிஞ்சா மேல தண்ணி அடிச்சி ஒரு பிரயோசனமும் இல்ல, தண்ணி வழிஞ்சி ஓடிரும், உள்ள கனன்றுக்கிட்டே கெடக்கும். படப்பப் பிரிச்சிப் போட்டு நனைக்கணும். மணிக்கணக்கா ஆகும்.

கெணறு ரொம்ப மோசம். கெணத்துக்குள்ள டீசல் எஞ்சின ஓட்டுனா கார்பன் மோனாக்சைடு நெறையும். அதுக்கு வாசனையே கிடையாது. வெளக்க எறக்கிப் பாத்தா போதும்னு பெருசுக சொல்லும். ஆக்சிஜன் கொறஞ்சாத்தான் வெளக்கு அணையும், கார்பன் மோனாக்சைடு ஆளக் கொல்லுத அளவு இருந்தாலும் வெளக்கு எரியும். மொத ஆளு மயங்குனதப் பாத்து கயிறில்லாம எறங்குத ரெண்டாவது ஆளுதான் அடுத்த சாவு. அதனாலதான் மூச்சுக்கருவி. ஆறு லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம், மொத்தம் 1800 லிட்டர் காத்து. நிமிஷத்துக்கு 40 லிட்டர்னு வச்சா 45 நிமிஷம். மூச்சு வாங்க வேலை செஞ்சா அது சடசடன்னு கொறையும். அழுத்தம் சுமார் 50 பாருக்கு எறங்குனா கருவியே விசில் அடிக்கும். விசிலுக்குள்ள வெளிய வந்திருக்கணும், விசில் கேட்டுத்தான் கெளம்புவேன்னு இருக்கப்படாது.

அப்புறம் இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப எரிச்சல். "வண்டி தண்ணியில்லாம வந்துட்டு"ன்னு வீடியோ போடுதாவல்லா? 4500 லிட்டர் வண்டி. அர இஞ்சு நாசில்ல (குழாய் முனையில) ஏழு பார் அழுத்தத்துல நிமிஷத்துக்கு 280 லிட்டர் போவும். பதினாறு நிமிஷத்துல காலி. ரெண்டு குழாய் புடிச்சா எட்டு. பக்கத்துல கொளமோ கெணறோ எங்க இருக்குன்னு வழி காட்டுங்க, ஃபோன நீட்டாதீங்க.

அட, மறந்தே போச்சி. பரீச்சை மொத்தம் நூறு மார்க். எழுத்து 70, மைதானம் 24 போக மிச்சம் ஆறு மார்க் என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழுக்கு. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் தமிழ்வழி படிச்சவங்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதுக்குப் பள்ளிக்கூடத்துல சான்றிதழ் வாங்கணும். ரெண்டு மூணு பள்ளிக்கூடம் மாறி மாறிப் படிச்சவன் ஒவ்வொரு எடத்துலயும் தனித்தனியா வாங்கணும், அறிவிப்பு வந்தப்புறம் ஓடுனா ஹெட்மாஸ்டர் லீவுல இருப்பாவ. இப்பவே போங்க.