எழுத்து கிடைக்கும், கையெழுத்து?

அவையோருக்கு வணக்கம்.

"நம்ம சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) தகுதி வெளிநாட்டில் செல்லுமா?" என்று கேட்கிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த நாட்டுக் கணக்காளர் சங்கம் என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுமா? அங்கே தணிக்கை அறிக்கையில் நான் கையெழுத்துப் போடலாமா? விசா கிடைக்குமா? ஒவ்வொன்றுக்கும் வேறு அலுவலகம், வேறு சட்டம். சங்கங்கள் போட்டுக்கொள்ளும் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடும். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எழுத்து தரும். கையெழுத்து அதிகாரம் தராது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்குள்ள சங்கங்களோடு நமக்கு ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் கம்பெனி ஆடிட்டராகப் பதிவு செய்வது சங்கம் அல்ல, அரசின் ஒழுங்குமுறை ஆணையம். 2001 கம்பெனிச் சட்டத்தின்படி அது கேட்பது, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளில், ஏற்கெனவே பதிவான ஆடிட்டர் ஒருவரின் கீழ் 3,000 மணி நேரக் கம்பெனித் தணிக்கை. அதில் 750 மணி நேரம் மேற்பார்வைப் பணியாக இருக்க வேண்டும். சென்னையில் இருபது வருஷம் ஆடிட் பார்த்தவருக்கும் இதில் எளிதான விலக்கு கிடையாது. வரி ஆலோசகராக வேண்டுமென்றால் அதற்குத் தனி வாரியம். அந்த நாட்டு வரிச் சட்டத்தையும் வணிகச் சட்டத்தையும் படித்துக் காட்ட வேண்டும்.

அதற்காக அந்த எழுத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. கம்பெனி நிதித்துறையில் வேலை தேடுகிறவருக்குக் கையெழுத்து உரிமை தேவையே இல்லை. உள்ளூரில் தெரிந்த மூன்று எழுத்து இருந்தால் விண்ணப்பத்தை எடுத்துப் படிப்பார்கள்.

நம் பக்கச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் 29-ஆவது பிரிவு கொடுக்கல் வாங்கல் கணக்குதான். இந்தியரைத் தடுக்கும் நாடு என்று மத்திய அரசு குறிப்பிட்டுவிட்டால், அந்த நாட்டுக்காரருக்கு இங்கே இடமில்லை. மற்ற நாட்டுத் தகுதிகளை எந்த நிபந்தனையில் ஏற்பது என்பதை நம் இன்ஸ்டிடியூட்டின் (இந்தியப் பட்டயக் கணக்காளர் சங்கத்தின்) கவுன்சில் வகுக்கலாம். ஆகவே பேரம் பேச நம் கையிலும் துருப்புச் சீட்டு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன கேட்கிறோம் என்பதில்தான் எனக்குக் குறை.

வர்த்தக ஒப்பந்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. 2005-இல் சிங்கப்பூரோடு போட்ட விரிவான ஒப்பந்தத்தில் ஐந்து தொழில்களுக்கு அங்கீகாரம் பேசுவதாக எழுதினார்கள். கணக்கியல் அதில் ஒன்று. அந்த ஐந்தில் இன்னொன்றான செவிலியர் தொழிலுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானதே 2018-இல்தான். அரசுகள் கதவைத் திறந்துவிடலாம். இரு நாட்டுப் பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வேலையைத் தொழிலமைப்புகள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

அந்த ஒப்பீட்டில் எங்கே இடிக்கும்? இப்போது நம் இறுதித் தேர்வில் ஆறு தாள்கள். நேரடி வரி, மறைமுக வரி இரண்டிலும் பெரும்பகுதி இந்தியச் சட்டம். அவை அந்த ஊரில் எடுபடாது. நிதி அறிக்கைத் தாள் சர்வதேசக் கணக்கியல் தரத்துக்கு மிக நெருக்கம், ஆனால் முழுக்க அதுவே இல்லை. மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு ஒரு நிறுவனத்தை வாங்கினால் வரும் ஆதாயத்தைச் சர்வதேசத் தரம் லாப நட்டக் கணக்கில் காட்டச் சொல்கிறது. நம் இந்தியக் கணக்கியல் தரம் 103 அதை லாபத்தில் சேர்க்காமல் மூலதனக் காப்பு நிதிக்கு அனுப்புகிறது. இப்படி விலகும் இடங்களை நாமே பட்டியலிட்டு, அதற்கு மட்டும் ஒரு தாள் எழுதுகிறோம் என்று முன்வந்தால் பேச்சு நகரும். "எல்லாம் சமம்" என்று அடம்பிடித்தால் அவர்களே தேடிக் கண்டுபிடித்து, இருக்கிற எல்லாத் தாளையும் எழுதச் சொல்வார்கள்.

அடுத்து ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் அது மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இங்கிலாந்து–வேல்ஸ் சங்கமோ குறைந்தது 450 வேலை நாள் பயிற்சி கேட்கிறது. அங்கே பயிற்சி ஒப்பந்தமும் வழக்கமாக மூன்று ஆண்டு ஓடும். சர்வதேசக் கணக்காளர் கூட்டமைப்பின் ஐந்தாம் கல்வித் தரம், ஆண்டுகளை எண்ணாமல் திறனை அளந்து காட்டவும் இடம் கொடுக்கிறது. ஆனால் அளந்ததற்கு எழுத்துப்பூர்வமான சான்று வேண்டுமே! பயிற்சி முடிந்ததும் நூற்றெட்டாம் படிவத்தில் பிரின்சிபால் (பயிற்சி தரும் ஆடிட்டர்) போடும் ஒற்றைக் கையெழுத்து போதாது. எந்தெந்தத் தணிக்கையில் எத்தனை நாள், என்ன வேலை என்று மாதாமாதம் குறித்து, அந்தந்த மாதமே ஒப்பம் வாங்கி வையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த அலுவலகமே இல்லாமல் போயிருக்கலாம்.

அமெரிக்கா தனிக் கதை. உரிமம் தருவது மாநில வாரியங்கள். ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து, தென்னாப்பிரிக்கச் சங்கங்களுக்கு அங்கே ஒப்பந்தம் உண்டு, நமக்கு இல்லை. அந்த நாட்டு சி.பி.ஏ. தேர்வின் நான்கு தாளையும் எழுதி ஒவ்வொன்றிலும் 75 எடுக்க வேண்டும். 2020 முதல் சென்னையிலேயே எழுதலாம் என்பது வசதி, அங்கீகாரம் அல்ல. "ஆஸ்திரேலியா வழியாகச் சுற்றிப் போகலாமே" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். பலிக்காது. ஒரு ஒப்பந்தத்தின் வழியாக உறுப்பினரானவர் அதையே காட்டி அடுத்த ஒப்பந்தத்தில் நுழைய முடியாதபடி விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டுத் தேர்வு, அந்த நாட்டுப் பயிற்சி முடித்தவருக்கு மட்டுமே அந்த வழி.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கே வரும் தொல்லை ஒன்று: இனிஷியல். உறுப்பினர் சான்றிதழில் "கே. முருகன்", பாஸ்போர்ட்டில் "முருகன் கருப்பையா", பட்டச் சான்றிதழில் "முருகன் கே." மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், மெல்போர்னில் கோப்பைப் பிரிக்கிறவருக்குத் தெரியாது. நன்னிலைச் சான்று (உறுப்பினர் மீது குறை எதுவும் இல்லை என்ற சான்று) நம் இன்ஸ்டிடியூட்டிலிருந்து நேராக அந்தச் சங்கத்துக்குப் போகும் காகிதம். இடையில் நீங்கள் திருத்த முடியாது. அதற்கு விண்ணப்பிக்கும் முன்பே உறுப்பினர் பதிவேட்டில் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.