காது கொடுத்துக் கேட்ட பிறகு கொடுக்கும் காசு

நடுவர் அவர்களே, மாசி வீதியில் பந்தல் கொள்ளாமல் கூடியிருக்கும் மதுரை மக்களே, வணக்கம்!

பெருநகரத் தெருக்களில் பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் நகரத்துக்கு அழகா, இடைஞ்சலா? அழகே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஐயா மூன்று குறை சொல்லிவிட்டுப் போனார். போக்குவரத்து நிற்கிறதாம், காது வலிக்கிறதாம், அது கௌரவமான பிச்சையாம். முதல் இரண்டும் எனக்குப் பெரிதில்லை. மூன்றாவது என் நெஞ்சைச் சுட்டுவிட்டது.

வண்டி நிற்கிறது என்கிறீர்களே, மீனாட்சி கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதிகளில் வண்டியே ஓடுவதில்லையே ஐயா! ஊரே சாயங்காலம் அங்கே காலாற நடக்கிறது. காது வலித்தால் அது ஒலிபெருக்கியால் வந்த வலி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. புல்லாங்குழல் ஊதுகிறவர்மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

இனி பிச்சைக்கு வருகிறேன். 1959இல் வந்த பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ காசு வாங்கினாலும் பிச்சை என்றுதான் எழுதிவைத்தது. டெல்லியிலும் அதே சட்டம் நடந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. நீதிமன்றமே கைவிட்ட சொல்லை எங்கள் கலைஞர்மேல் நீங்கள் ஏன் எறிகிறீர்கள்?

சபாவில் என்ன நடக்கிறது? முதலில் டிக்கெட், பிறகு பாட்டு. பிடிக்காவிட்டாலும் போன காசு போனதுதான். தெருவில் முதலில் பாட்டு. நின்று கேட்கிறோம், பிடித்தால் போடுகிறோம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டுகிறோம். இவ்வளவு துணிச்சலாகத் தன் வித்தையைக் கடைவிரிப்பவனா பிச்சைக்காரன்?

கேட்கிறவர் யார் என்றும் பாருங்கள். கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் அண்ணன், மாட்டுத்தாவணியில் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தம்பி, பூக் கட்டும் அக்கா. இவர்கள் எந்த அரங்கத்துக்குப் போவார்கள்? போக நேரம் ஏது? கலை அவர்களைத் தேடி வந்தால்தான் உண்டு. சென்னையில் 2007இல் சங்கமம் என்று நாட்டுப்புறக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கூட்டிவந்தார்களே, அங்கே கூடிய கூட்டம் டிக்கெட் வாங்கியா வந்தது?

நம் பக்கத்துக் கரகக்காரருக்கும் தப்பாட்டக்காரருக்கும் பங்குனி, சித்திரை என்றால் நிற்க நேரமில்லை. ஐப்பசி மழைக்கு அந்த வீட்டு உலை என்ன ஆகும்? நாம் கை தட்டுவதோடு சரி, அதை நினைப்பதே இல்லை.

ஆகவே நடுவர் அவர்களே, நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சித்திரை வீதியில் சாயங்காலம் ஓர் இடம் ஒதுக்குங்கள். பெயர் கொடுத்தவருக்கு முறை வைத்து ஒரு மணி நேரம், மைக் இல்லாமல். எதிரணி சொன்ன மூன்று குறையில் எது அங்கே மிஞ்சும் என்று அவர்களையே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்!