லிஸ்பன் நகரில் ஒரு பகலும் ஒரு பாண் துண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவன் நான். அந்தக் காலம் முழுவதும் நமது யாழ்ப்பாணத்துப் பேச்சில் புகுந்து நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கும் போர்த்துக்கேயச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். பாண், கதிரை, சப்பாத்து, குசினி, துவாய், தாச்சி, வாங்கு, அலவாங்கு என்று அந்தக் கொப்பி பக்கம் பக்கமாக வளர்ந்தது. என் மனைவி அதற்கு வைத்த பெயர் 'கடன் கொப்பி'. பாரிசில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, அவள் எங்கள் இருவரையும் இரண்டு இரவுகளுக்கு லிஸ்பன் நகருக்கு அனுப்பிவைத்தாள். அங்கே நாங்கள் ஊர் பார்த்து, சாப்பிட்டு, களைத்துத் திரும்பிய ஒரு பகலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கடன் கொப்பியும் என் பையில் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அது ஜூன் மாதம். புனித அந்தோனியார் திருநாள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஒழுங்கைகளின் குறுக்கே கட்டிய வண்ணக் கடதாசித் தோரணங்கள் இன்னும் கழற்றப்படவில்லை. வாசற்படிகளில் அடுப்பு வைத்து மத்தி மீன் சுட்ட மணமும் இன்னும் போகவில்லை. ('கடதாசி'யும் கொப்பியில் உள்ள சொல்தான், இனி ஒவ்வொன்றுக்கும் நிறுத்திச் சொல்லமாட்டேன்.) காலையில் பதினைந்தாம் இலக்க ட்ராம் ஏறி, தேஜு ஆற்றின் கரையோரமாக மேற்கே இருக்கும் பெலேம் பகுதிக்குப் போனோம்.

பெலேமில் முதலில் பார்க்கவேண்டியது மடாலயமா, பலகாரக் கடையா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. "இஞ்சாருங்கோ, வெறும் வயித்தோட நான் ஒரு கல்லறையும் பாக்கமாட்டன்" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தத் தீர்ப்பு சரியானது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அந்தக் கடை 1837ஆம் ஆண்டு முதல் ஒரே பலகாரத்தை முதன்மையாக வைத்து நடந்துவருகிறது. மடாலயங்களில் துறவிகளின் உடைக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினார்கள் என்றும், மிஞ்சிய மஞ்சட்கருவை வீணாக்க மனமில்லாமல் இனிப்பு செய்யத் தொடங்கினார்கள் என்றும் அங்கே சொல்வார்கள். 1834இல் அரசு துறவியர் சபைகளைக் கலைத்தபோது, பக்கத்து மடாலயத்தின் செய்முறை இந்தக் கடைக்கு வந்துசேர்ந்தது. இன்றுவரை அது ஒரு சிலருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

நேயர்களே, வெளியே நீளும் வரிசையைப் பார்த்து நீங்கள் மனம் தளரவேண்டாம். அது வாங்கிக்கொண்டு போகிறவர்களின் வரிசை. உள்ளே நீல ஓடு பதித்த சுவர்களோடு அறைக்குப் பின் அறையாக மேசைகள் இருக்கின்றன. நாங்கள் ஆளுக்கு இரண்டு என்று கேட்டோம். உள்ளங்கை அளவில் சிறிய கிண்ணம் போன்ற மாவு. கடித்தால் முப்பது நாற்பது மெல்லிய தாள்களாக உடைந்து சட்டையெல்லாம் உதிர்கிறது. அதற்குள் இன்னும் சூடு ஆறாத, முட்டையும் பாலும் சீனியும் சேர்ந்த கூழ். மேலே அடுப்பின் வெக்கையில் கருகிய புள்ளிகள். நமது வட்டிலப்பத்தைச் சற்றுத் தளதளவென்று அவித்து மாவுக் கிண்ணத்தில் ஊற்றினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் தேங்காய்ப் பாலும் இல்லை, ஏலக்காயும் இல்லை. ஏலக்காய்க்குப் பதிலாக, மேசையில் ஒரு துளைமூடிப் போத்தலில் கறுவாத்தூள் வைத்திருக்கிறார்கள். வேண்டிய அளவு தூவிக்கொள்ளலாம்.

அந்தப் போத்தலை நான் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் ஒதுங்கிய பிறகு, நூற்றைம்பது ஆண்டுகள் அவர்கள் இங்கே கட்டிய கோட்டைகளுக்கும் செய்த சண்டைகளுக்கும் பெரிய காரணம் இந்தக் கறுவாப் பட்டைதான். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் அதற்காகவே அவர்களை அடித்துத் துரத்தினார்கள். இன்று அதே பொருள் உப்புப் போலக் கணக்கில்லாமல் மேசையில் நிற்கிறது. இதை நான் சொல்லத் தொடங்கியபோது மனைவி என் பங்கில் ஒன்றையும் சேர்த்து மூன்று சாப்பிட்டு முடித்திருந்தாள்.

பக்கத்திலேயே ஜெரோனிமோஸ் மடாலயம். 1501இல் மனுவேல் மன்னன் கட்டத் தொடங்கியது. கிழக்கிலிருந்து வந்த வாசனைத் திரவிய வணிகத்தின்மேல் விதித்த வரி அதன் பெரும் செலவைத் தாங்கியது. தூண்களில் கயிறும் முடிச்சுமாகக் கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். கப்பல்காரர் கட்டிய கோயில் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. கோயிலுக்குள் நுழைந்ததும் இரண்டு கல்லறைகள் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்று, 1498இல் கோழிக்கோட்டுக் கரையைத் தொட்ட வாஸ்கோ ட காமாவுடையது. மற்றையது கவிஞர் கமோயிஸுடையது. தமது காவியத்தின் முதற்பாட்டிலேயே, தப்ரோபானாவையும் கடந்து சென்றவர்கள் என்று தம் நாட்டு மாலுமிகளைப் பாடியவர். தப்ரோபானா என்பது நமது தீவின் பழைய கிரேக்கப் பெயர். வாஸ்கோ ட காமாவின் கல்லுக்கு முன்னால் சுற்றுலாக்காரர் வரிசையாக நின்று படம் பிடித்தார்கள். எனக்குப் படம் பிடிக்கத் தோன்றவில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை முடித்துவைத்த கூட்டத்துக்கு வழிகாட்டிய மனிதர் என்ற நினைப்பு ஒருபுறம். அந்தக் கூட்டம் விட்டுச்சென்ற சொற்களை ஆயுள் முழுதும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு மறுபுறம். பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான கதை. மதியச் சாப்பாடு.

நகரின் நடுப்பகுதியான பைஷாவுக்குத் திரும்பி, ஒரு பின் ஒழுங்கையில், எட்டு மேசைக்கு மேல் இல்லாத சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். பரிமாறியவர் என் வயதுக்காரர். எனக்குத் தெரிந்த போர்த்துக்கேய மொழி கடன் கொப்பியில் உள்ளது மட்டுமே. ஆனாலும் துணிந்து, நான் உட்கார்ந்திருந்ததைத் தட்டிக்காட்டி, "கதிரை" என்றேன். அவர் ஒரு கணம் விழித்து, "கதைரா" என்றார். காலை நீட்டி, "சப்பாத்து" என்றேன். "சபாத்து" என்றார்! எழுத்தில் ஓகாரத்தில் முடியும் சொல்லை அவர்கள் வாயால் சொல்லும்போது உகரமாகத்தான் சொல்கிறார்கள். எழுத்தைப் பார்த்திருந்தால் நமது முன்னோர் 'சப்பாத்தோ' என்றுதான் சொல்லியிருப்பார்கள். காதால் கேட்டுப் பிடித்ததால் 'சப்பாத்து' ஆயிற்று. குசினியும் அப்படியே; எழுத்தில் 'கோ', பேச்சில் 'கு'. துவாயும் அப்படியே, எழுத்தில் 'தோ', பேச்சில் 'து'. காதால் கற்ற மொழி, நேயர்களே. மீண்டும் சொல்கிறேன், காதால் கற்ற மொழி. இதை எத்தனையோ மாணவர்களுக்கு ஊகமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் ஒரு மனிதரின் வாயிலிருந்து நேரே கேட்டேன்.

தமிழ்நாட்டு நண்பர்கள் நாற்காலி என்பதை நாம் கதிரை என்கிறோம். ஆனால் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து 'சாவி'யை எடுத்துக்கொண்டார்கள். நாம் நல்ல தமிழில் 'திறப்பு' என்கிறோம். யார் எதைக் கடன் வாங்கினார்கள் என்பது பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம். சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

கடைசியாக நான் "பாண்" என்றேன். அவர் மூக்கால் ஒலித்து அதையே திருப்பிச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போய், ஒரு கூடை நிறையப் பாண் துண்டுகளையும், ஒலிவக் காய்களையும், சிறிய வெண்ணெய்க்கட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். மேலோடு முறுகி, உள்ளே ஈரப்பதமான, சற்றுப் புளித்த மணமுள்ள பாண். சொல்லைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று நான் எண்ணிக்கொண்டேன். கூடை காலியாயிற்று.

பிறகு மீன் வந்தது. அவர்கள் 'பகல்யாவ்' என்று கொண்டாடும் உப்புக் கருவாடு. வேடிக்கை என்னவென்றால், அந்த மீன் அவர்கள் கடலில் பிடிபடுவதில்லை. வடக்கே குளிர்க்கடலிலிருந்து வருகிறது. ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கி, நாராகப் பிய்த்து, தீக்குச்சிபோல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் வதக்கி, மேலே கறுப்பு ஒலிவக் காய் வைத்துத் தந்தார்கள். மனைவி இரண்டு வாய் சாப்பிட்டாள். "நல்ல சாமான்தான், ஆனா ஒரு பச்சை மிளகாய் போட்டிருக்கலாம்" என்றாள். நானும் அதையே நினைத்தேன். மிளகாயை நமக்குக் கொண்டுவந்து தந்தவர்களும் இவர்கள்தானே.

சிட்டை வந்தபோது பாணுக்கு ஒரு தொகை, ஒலிவக் காய்க்கு ஒரு தொகை, வெண்ணெய்க்கட்டிக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக எழுதியிருந்தது. அந்த ஊர் வழக்கம் அது: கேளாமலே மேசைக்கு வந்தாலும், தொட்டால் காசு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் காசில்லை. ஏமாற்று ஒன்றுமில்லை, எனக்குத் தெரியாமற் போனது என் பிழை. அதிலும் நான் வாய்விட்டுக் கேட்டேன் அல்லவா! மனைவி சிட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கட கறுவா சும்மா, அவையின்ர பாணுக்குக் காசோ?" என்றாள். என் கடன் கொப்பியில் இத்தனை ஆண்டுகளில் நான் எழுதாத வசனம் அது. அன்றிரவே எழுதிக்கொண்டேன்.

நேரம் குறைந்துகொண்டு வருகிறது. பிற்பகலில் நாங்கள் சுற்றிய இடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1755 நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாள் காலையில், கோயில்கள் நிறைந்து மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் அந்த நகரை நிலநடுக்கம் தாக்கியது. பிறகு ஆறு பொங்கி ஏறியது. பிறகு நாட்கணக்காக நெருப்பு. கூரையற்றுப்போன கார்மோ கோயிலின் வளைவுகளை இன்றும் அப்படியே வானத்தைப் பார்க்க விட்டுவைத்திருக்கிறார்கள். சுனாமியைக் கண்ட நமக்கு அந்த வளைவுகளின் கீழே நிற்பது இலேசான காரியமல்ல. அதன் பிறகு கட்டிய பைஷாவின் வீடுகளில், சுவருக்குள்ளே மரச்சட்டத்தால் கூண்டு அமைத்தார்கள். அது அதிர்ச்சியைத் தாங்குமா என்று பார்க்க, மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டுச் சோதித்தார்களாம்.

நடைபாதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளையும் கறுப்புமாகச் சிறு சுண்ணக்கற்களைப் பதித்து அலைபோலக் கோலம் போட்டிருக்கிறார்கள்; கண்ணுக்கு அழகு, முழங்காலுக்கு ஆபத்து. தேய்ந்து வழுவழுத்த அந்தக் கற்களில் அல்ஃபாமா மேட்டிலிருந்து இறங்கும்போது நான் இருமுறை வழுக்கினேன். "சபாத்து" என்று சொல்லத் தெரிந்தவர் நல்ல சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாலை ஆறரை மணியளவில், ஆற்றை நோக்கித் திறந்திருக்கும் பெரிய சதுக்கத்தின் கற்படியில் உட்கார்ந்தோம். இங்கேதான் என் உரையின் பிரதான பகுதியை வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் ஒரு விரலைக் காட்டுகிறார். ஆகவே சுருக்கமாக. 1554ஆம் ஆண்டில், அந்த லிஸ்பன் நகரில்தான் தமிழ் மொழி முதன்முதலாக அச்சேறியது. 'கார்த்தில்யா' என்ற செபப் புத்தகம்; தமிழை உரோமன் எழுத்தில் எழுதி, போர்த்துக்கேய மொழியோடு சேர்த்து அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாக இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. நாம் அவர்களின் கதிரையைக் காதால் பிடித்த அதே காலத்தில், அவர்களும் நமது சொற்களைக் காதால் பிடித்துத் தங்கள் எழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இதை மனைவியிடம் சொன்னேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் இருந்தாள்.

"அப்ப அவையும் ஒரு கொப்பி வைச்சிருந்தவை" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, காலையில் கடதாசியில் சுற்றிக்கொண்டுவந்த கடைசிப் பலகாரத்தை இரண்டாகப் பிய்த்து, எனக்குச் சிறிய பாதியைத் தந்தாள்.

வணக்கம்.