கோடு நமக்கு, பேர் அவங்களுக்கு: சந்தேகங்களுக்கு விளக்கம்

சொந்தமா டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸை வச்சு உருவாக்கின ஆபரேட்டிங் சிஸ்டம்) கட்டுறதப் பத்திப் போன வீடியோவுல பேசினோம்ல? அதைப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, உபுண்டு ஓப்பன் சோர்ஸ்தானே? நாலு மென்பொருளைச் சேர்த்து, 'உபுண்டு சூப்பர்'னு பேர் வச்சு வெளியிட்டா என்ன தப்பு?" நல்ல கேள்வி. ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு.

நான் அடிக்கடி சொல்றதுதான்: கோடு நமக்கு, பேர் அவங்களுக்கு. ஓப்பன் சோர்ஸ்னா, கோடை, அதாவது மென்பொருளோட நிரலை, எடுத்து மாத்திக்க லைசன்ஸே அனுமதி கொடுக்குது. பேரும் லோகோவும் டிரேட்மார்க், அது வேற கணக்கு. மாத்தின உபுண்டுவை அந்தப் பேர்லயே வெளியிடணும்னா, உபுண்டுவை வெளியிடுற கனானிக்கல் நிறுவனத்தோட அனுமதி வேணும். இல்லையா, பேரையும் லோகோவையும் எடுத்துட்டு, சோர்ஸ்ல (மூலக் கோடு) இருந்து மறுபடி கம்பைல் பண்ணி, ஓடுற மென்பொருளா மாத்திக்கோங்கன்னு அவங்க கொள்கையே சொல்லுது.

சென்ட்ஓஎஸ் கதை தெரியுமா? அதுவும் ஒரு டிஸ்ட்ரோதான், ரெட் ஹாட்ங்கிற லினக்ஸ் நிறுவனத்தோட சோர்ஸை வச்சுக் கட்டினாங்க. 2005-ல ரெட் ஹாட் வக்கீல்கள் தங்க நிறுவனப் பேரை எடுக்கச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் சென்ட்ஓஎஸ்காரங்க "வட அமெரிக்காவின் முக்கியமான எண்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம்"னு சுத்தி வளைச்சு எழுதினாங்க, பேரே சொல்லாம! எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். டெபியன்ல ஃபயர்ஃபாக்ஸ் 'ஐஸ்வீசல்' ஆனதும் இதே பஞ்சாயத்துதான். 2006-ல மாத்தினது, பழைய பேர் திரும்பி வர 2016 ஆச்சு.

"இதெல்லாம் கஞ்சத்தனம்"னு சிலர் திட்டுறாங்க. நான் அப்படிப் பார்க்கல. 2006-ல டெபியன்ல, தகவலைப் பூட்டிப் பாதுகாக்குற ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற மென்பொருளோட கோடுல ஒரு சின்ன மாற்றம் பண்ணாங்க, ஒரு எச்சரிக்கை செய்தி வராம இருக்கட்டுமேன்னு. அதுல, பூட்டுற சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி ஆக்குற ரேண்டம் எண் உருவாக்குறதே படுத்துடுச்சு. 2008 மே மாசம்தான் வெளிய தெரிஞ்சது. டெபியன்லயும், அதுல இருந்து வந்த உபுண்டுவுலயும் உருவாக்கின சாவிகளையெல்லாம் மாத்த வேண்டியதாச்சு. ஓப்பன்எஸ்எஸ்எல் மூலக் கோடுல அந்த ஓட்டையே கிடையாது. ஆனா திட்டு யாருக்கு விழும்? பெட்டி மேல எந்தப் பேர் இருக்கோ அவங்களுக்குத்தான். அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், கோடு நமக்கு, பேர் அவங்களுக்கு.

தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. பேரை மாத்தினா வேலை முடிஞ்சுதா? ஈடிசி (/etc) ஃபோல்டர்ல 'ஓஎஸ்-ரிலீஸ்' (os-release)னு ஒரு குட்டி ஃபைல் இருக்கும், திறந்து பாருங்க. நேம், ஐடி, அதுக்குக் கீழ 'பக் ரிப்போர்ட் யூஆர்எல்', அதாவது கோளாறு புகார் எங்க போகணும்ங்கிற முகவரி. நிறைய பேர் வால்பேப்பர், லோகோ எல்லாத்தையும் மாத்திட்டு இந்த வரியை அப்படியே விட்டுடுறாங்க. நீங்க சேர்த்த தீம் கிராஷ் ஆகும், புகார் மட்டும் உபுண்டுக்காரங்களுக்குப் போகும். அவங்க பாவம், தாங்க பார்க்கவே பார்க்காத கோடைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.

அந்த வரியில உங்க முகவரியைப் போடுங்க. அதே ஃபைல்ல வர்ற 'ஐடி லைக்'ங்கிற வரியில உபுண்டுன்னு தாராளமா எழுதலாம், எதுல இருந்து வந்ததுன்னு மென்பொருள்களுக்குச் சொல்லத்தான் அது இருக்கு. அப்புறம் உங்க மாற்றங்களுக்கு செக்யூரிட்டி அப்டேட் யார் கொடுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு, பேரை யோசிங்க.

சரி, அடுத்த கேள்வி, பார்ட்டிஷன் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார்.