ஒரு மார்க் கேள்விக்குள் என்ன இருக்கிறது?

நடுவர் அவர்களே, சேலத்துப் பெரியோர்களே, வணக்கம். 'இலக்கிய வினா விடை வளர்ப்பது வாசிப்பையா, மனப்பாடத்தையா?' என்பது தலைப்பு. வாசிப்பைத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "ஓட்டலில் விலைப்பட்டியலைப் படித்தால் பசி ஆறுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். ஆறாதுதான். ஆனால் பலகையில் 'தட்டுவடை செட்' என்று படித்துவிட்டு, நாக்கில் நீர் ஊறாமல் நடையைக் கட்டுகிற சேலத்துக்காரர் இந்த அரங்கில் யாராவது உண்டா?

எங்கள் தெருவில் ஒரு பெண் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறது. கையில் முனை மடங்கிய கைடு. அதில் ஒரு வரி: '1958, சாகித்திய அகாதெமி, சக்கரவர்த்தித் திருமகன், ராஜாஜி.' அடியில் பென்சில் கோடு, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. "கட்சிக்காரருக்கு எப்படிண்ணா இலக்கிய விருது?" என்று என்னிடம் கேட்டது.

நியாயமான சந்தேகம். 1917இல் நம் சேலம் நகராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த வக்கீல், பிற்பாடு கவர்னர் ஜெனரல் ஆன ராஜாஜி, ராமாயணத்தை எளிய தமிழில் 'கல்கி' வார இதழில் தொடராக எழுதினார். அதுதான் 'சக்கரவர்த்தித் திருமகன்'. சரி, அந்தக் கல்கி யார்? 1956இல் 'அலை ஓசை'க்காக இதே விருதைப் பெற்றவர். விருது வந்தபோது ஆள் இல்லை, 1954இலேயே போய்விட்டார். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்துகொண்டு இவர்கள் இருவரும் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காக ஒரு பத்திரிகையே நடத்தியிருக்கிறார்கள். திருச்செங்கோடு அன்றைக்கு நம் சேலம் மாவட்டம். (1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் நம் மாவட்டத்தில்தான். அதை விரித்துப் பேசினால் பாதி அரங்கம் கோபித்துக்கொள்ளும், விடுங்கள்.) 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போன 'பூக்குழி'யை எழுதிய பெருமாள்முருகனும் அந்தத் திருச்செங்கோட்டு மண்தான்.

இத்தனையும் ஒரு மார்க் கேள்விக்குள் இருந்து வந்தது! அந்தப் பெண் தேர்வு முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. நூலகத்திலிருந்து 'அலை ஓசை'யை எடுத்து வந்துவிட்டது. அவங்க அம்மாவுக்கு என் மேல் இன்னும் வருத்தம்.

அதே 1958இல் நோபல் யாருக்கு? ரஷ்ய எழுத்தாளர் போரிஸ் பாஸ்டர்நாக்குக்கு. அறிவிப்பு வந்த சில நாளில் சோவியத் எழுத்தாளர் சங்கம் அவரை வெளியே தள்ளியது. நெருக்கடி தாங்காமல், பரிசு வேண்டாம் என்று மனிதர் தந்தி அடித்தார். அவருடைய நாவல் 'டாக்டர் ஷிவாகோ' சொந்த நாட்டில் அச்சேற 1988 ஆனது. பதக்கத்தை 1989இல் மகன் போய் வாங்கினார். இங்கே ஒருவர் ராமாயணத்துக்கு மாலை வாங்கிய ஆண்டில், அங்கே ஒருவர் நாவல் எழுதிய பாவத்துக்கு அழுதிருக்கிறார். இதைக் கேட்ட பிறகும் அந்த நாவலைப் புரட்டிப் பார்க்கத் தோன்றாதவரை எந்தப் பாடத்திட்டமும் திருத்தாது.

"விருதுப் பட்டியல் தப்பான ஆளைக் காட்டும்" என்றும் அண்ணன் சொன்னார். காட்டும்தான். நோபல் தொடங்கியது 1901இல். டால்ஸ்டாய் 1910 வரை உயிரோடு இருந்தார், கொடுக்கவில்லை. முதல் பரிசு சல்லி புருதோம் என்ற பிரெஞ்சுக் கவிஞருக்குப் போனது. அவர் எழுதியதில் ஒரு வரியாவது படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அண்ணன் கையும் தூங்குகிறதே! விருதுக் கமிட்டியை அப்படியே நம்பாதே என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த வினா விடைதான், நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். 1964இல் யாரும் மிரட்டாமலே நோபலை வேண்டாம் என்று மறுத்தார் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர். ஏன் என்பதற்குக் காரணமும் எழுதிக் கொடுத்தார். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அண்ணன் இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அதைத் தேடினார் என்று தெரிந்தால், நாளைக் காலையில் அவரை எங்கள் அணியில் சேர்த்துக்கொள்கிறோம்.