நான்கு மணி நேரக் கெடுவும் வார்டுச் செவிலியரும்

அவையோருக்கு வணக்கம்.

நிர்வாகச் சீர்திருத்தம் ஒரு செவிலியரின் ஷிப்டுக்குள் எப்படி இறங்குகிறது? இங்கிலாந்தின் என்.எச்.எஸ். அரசு மருத்துவமனைகளை வைத்துப் பார்ப்போம்.

1974 முதல் அங்கே நிர்வாகக் குழுவில் செவிலியருக்கும் சம இடம் இருந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 1983-இல் ராய் கிரிஃபித்ஸ் அறிக்கை வந்தது. சூப்பர் மார்க்கெட் நடத்திய அனுபவம் உள்ளவர் அவர். ஒவ்வொரு மட்டத்திலும் ஒரே பொது மேலாளர் போதும் என்றார். ஆள் எத்தனை என்று முடிவெடுக்கும் இடத்தில் செவிலியரின் பேச்சு எடுபடாமல் போனது அங்கேதான் தொடங்கியது.

பிறகு இலக்குகள். அவசரப் பிரிவுக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்க வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். வருபவர்களில் 98 சதவீதம் பேருக்கு இது நடக்க வேண்டும் என்று இருந்தது, 2010-இல் அது 95 சதவீதம் ஆனது. நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ட்ராலியிலேயே இரவைக் கழித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கெடு முடியும் கடைசி நிமிடங்களில் நோயாளியை வார்டுக்குத் தள்ளிவிடும் பழக்கம் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்காது, மருந்துச் சீட்டு முழுமையாக இருக்காது. கீழே அவசரப் பிரிவில் கடிகாரம் நின்றுவிடும். மேலே செவிலியர் அந்த மிச்ச வேலையைச் செய்வதை எந்தக் கடிகாரமும் அளக்காது.

ஒரு கணக்குப் போடுவோம். 24 நோயாளிகள், மூன்று செவிலியர், தலைக்கு எட்டு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், நாடி, வெப்பம் பார்த்து எழுத ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் என்றால், 12 மணி நேர ஷிப்டில் அதற்கே நான்கு மணி நேரம். ஒருவர் விடுப்பு எடுத்தால் தலைக்குப் பன்னிரண்டு. ஆறு மணி நேரம். மருந்து, ஊசி, காயக்கட்டு எல்லாம் மீதியில். அப்போது விடுபடுவது எது? தண்ணீர் புகட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, பயந்தவரிடம் பேசுவது. எந்த அறிக்கையிலும் கட்டம் இல்லாத வேலைகள்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது இதன் உச்சம். செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். கெடு தவறாதது போல் நேரத்தை மாற்றி எழுத வைத்தார்கள் என்று விசாரணையில் சாட்சியம் வந்தது. 2013-இல் அந்த விசாரணையின் முடிவாக வந்த ஃபிரான்சிஸ் அறிக்கை 290 பரிந்துரைகள் தந்தது. அடுத்த ஆண்டே, பகலில் ஒரு செவிலியருக்கு எட்டு நோயாளிக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று வழிகாட்டுதல் வந்தது. ஆனால் அது சட்டமல்ல.

வேல்ஸ் 2016-இல் சட்டமே போட்டது. அங்கே ஆள் கணக்கில் வார்டுத் தலைமைச் செவிலியரைச் சேர்ப்பதில்லை. விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றுக்கு 26.9 சதவீதம் ஆட்களை முன்கூட்டியே கூட்டிக்கொள்கிறார்கள். நம் ஊர் ஆள் கணக்கைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.